தாங்கிக்கொள்வது மட்டும் போதாது

சிங்கப்பூரில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்கள், ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் நான்கு இடங்களுக்குப் போக முன்அனுமதி பெற வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகியவை அந்த இடங்கள். கொவிட் கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக 2022 ஜூனில் வந்த அந்த ஏற்பாடு 2024 மே 1ஆம் தேதிதான் நீங்கியது. ஊழியர்கள் பெருங்கூட்டமாகச் சேரும் இடங்கள் என்பதால்தான் அவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. வாரம் முழுவதும் வெயிலிலும் தூசியிலும் உடம்பு நோக உழைத்தவர், ஓய்வு நாளில் கட்டிலில் கிடந்து உறங்குவதைத்தானே விரும்ப வேண்டும்? அவர் ஏன் பேருந்தேறி, நெரிசலுக்குள் நடந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வருகிறார்? ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறார். வீரமாகாளியம்மனைக் கும்பிட, அங்கூலியா பள்ளிவாசலில் தொழ, வாய்க்கு ருசியாக ஒரு வேளை சாப்பிட வருகிறார். இவற்றில் சிலவற்றை இன்று கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். ஆனாலும் வருகிறார். ஏனென்றால், எங்கே போவது, எப்போது சாப்பிடுவது, யாரோடு பேசுவது என்பதை அவரே முடிவுசெய்யும் நாள் அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

மனஅழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஆராய்ச்சியாளர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவதும் இதைத்தான். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வேலை எவ்வளவு அதிகம் என்பதை மட்டும் வைத்து ஒருவரின் மனநிலையைக் கணிக்க முடியாது என்று காட்டினார். வேலை அதிகமாகவும், அதைச் செய்யும் விதத்தை முடிவுசெய்யும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் மனம் பெரிதும் நொறுங்குகிறது. 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தனர்: உடனிருப்போரின் ஆதரவு. லண்டன் அரசு ஊழியர்களிடையே 1985இல் தொடங்கிய ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்வு, தம் வேலைமீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. ஆகவே, அழுத்தத்தைத் தனிமனிதரின் மனவலிமைக்கான சோதனையாக மட்டும் பார்ப்பது தவறு. சுமையை மாற்றும் உரிமையும் அதைப் பகிரும் துணையும் கிடைத்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடுவார்கள். அவை இரண்டும் இல்லாதபோது, பொறுமைசாலியும் ஒருநாள் உடைவார். பள்ளி, வேலை, குடும்பம் என்று நாம் தனித்தனியாகப் பேசும் மூன்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டுத் தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, மனநலம் குன்றியிருப்போரின் விகிதம் 2020இல் 13.4 விழுக்காடாக இருந்து 17 விழுக்காடாக உயர்ந்தது. 18 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் அது 25.3 விழுக்காடு. மனநலக் கழகம் 15 முதல் 35 வயதுக்காரர்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் அறிகுறிகள் கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்தன. இந்த எண்ணைக் கேட்டதும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று சொல்லத் தோன்றும். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூவரில் ஒருவருக்கு மனநோய் என்பது இதன் பொருளன்று. கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்களைக் கொண்டு அறிகுறிகளின் அளவை மதிப்பிட்ட ஆய்வு இது. மருத்துவர் பார்த்துச் சொன்ன முடிவு வேறு. ஆனால் மிகைப்படுத்தக் கூடாது என்பதற்காக அலட்சியப்படுத்தவும் கூடாது. தேர்வு, வேலைச் சந்தை, வீட்டு விலை, எந்நேரமும் கையில் இருக்கும் திரை எல்லாம் ஒரே வயதில் வந்து குவியும் தலைமுறை இது. அவர்கள் பலவீனமானவர்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்களிடம் எதை முடிவுசெய்யும் உரிமை இருக்கிறது, யார் துணை இருக்கிறது என்று கேட்பதே நேர்மை.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். கடந்த சில ஆண்டுகளில் சிங்கப்பூர் தன் கல்வி முறையில் செய்த மாற்றங்கள் சிறியவை அல்ல. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில், ஒரு பிள்ளையை அதே ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருடனும் ஒப்பிட்டு வழங்கிய மொத்த மதிப்பெண் 2021இல் போயிற்று. 4 முதல் 32 வரையிலான புதிய அடைவுநிலை அளவுகோல் வந்தது. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எங்கும் அரையாண்டுத் தேர்வுகள் நீங்கின. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து, பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு ஓடைகளில் விடும் பழைய முறையும் முடிந்தது. இவ்வளவு குறைத்த பிறகு வீடுகளில் நிம்மதி பெருகியிருக்க வேண்டும் அல்லவா? குடும்பச் செலவின ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2017/18இல் துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு 140 கோடி வெள்ளி செலவழித்தன. 2023இல் அது 180 கோடி வெள்ளி. அரசு தேர்வைக் குறைத்தது. பெற்றோர் டியூஷனைக் கூட்டினார்கள். ஒரு பக்கம் இறக்கிய சுமையை மறுபக்கம் ஏற்றிவிட்டோம்.

பெற்றோரைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. இயற்கை வளம் ஏதுமற்ற சிறு தீவு, படிப்பையும் உழைப்பையும் மட்டுமே நம்பி வளர்ந்தது. 2022ஆம் ஆண்டின் அனைத்துலக பிசா தேர்வில் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கப்பூர் மாணவர்களே உலகில் முதலிடம். அழுத்தம் இல்லாமல் இந்தச் சாதனை வந்திருக்குமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். கொஞ்சம் அழுத்தம் செயலைத் தூண்டும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அதே பிசா ஆய்வு 2015இல் மாணவர் நலன் குறித்துக் கேட்டபோது, நன்றாகப் படித்துத் தயாராக இருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதறுகிறேன் என்று சிங்கப்பூர் மாணவர்களில் 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் சராசரி 55 விழுக்காடு. தயாராக இல்லாதவன் பதறினால், அந்தப் பதற்றம் அவனைப் படிக்கத் தூண்டும். தயாராக இருப்பவனும் பதறினால் அது எதற்கும் உதவாத வேதனை. இன்னும் முக்கியமானது அந்த ஆய்வின் மற்றொரு முடிவு: நாடுகளை ஒப்பிட்டபோது, படிப்பு நேரமோ தேர்வுகளின் எண்ணிக்கையோ மாணவரின் பதற்றத்தைத் தீர்மானிக்கவில்லை. ஆசிரியரும் பள்ளியும் தமக்குத் துணை நிற்கிறார்கள் என்ற உணர்வுதான் பெரிதும் வேறுபாட்டை ஏற்படுத்தியது. பெற்றோரிடமும் கேட்கப்பட்ட நாடுகளில், பிள்ளையோடு சும்மா உட்கார்ந்து பேசும் வீடுகளின் பிள்ளைகள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு கொண்டிருந்தார்கள். ஆக, சாதனையைக் கைவிட வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தேவை தன் படிப்பைப் பற்றித் தானும் ஒரு வார்த்தை சொல்லும் இடம், மதிப்பெண் குறைந்தாலும் குறையாத அன்பு.

இந்தியச் சமூகம் இதை ஓரளவு முன்பே உணர்ந்திருந்தது. இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி பின்தங்கியிருந்த கவலையில் 1991இல் பிறந்த அமைப்பு சிண்டா. துணைப்பாட வகுப்புகள்தாம் அதன் அடையாளம். ஆனால் பீட்டி சாலையில் இயங்கும் அதே அமைப்பு குடும்பங்களுக்கான ஆலோசனையையும் ஆதரவையும் சேர்த்தே வழங்குகிறது. வீட்டில் சண்டையும் கடனும் இருந்தால் கணக்குப் பாடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது என்பதே காரணம். பிள்ளையின் அழுத்தமும் பெற்றோரின் அழுத்தமும் ஒரே கூரையின்கீழ் வளர்பவை. ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவைக்க முடியாது.

வேலையிடத்துக்கு வருவோம். இன்று பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு யோகா வகுப்பும் தியானச் செயலியும் மனஉறுதிப் பயிற்சியும் தருகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் சொன்ன முடிவு யோசிக்க வைக்கிறது. இத்தகைய தனிமனிதப் பயிற்சிகளில் கலந்துகொண்டவர்களின் மனநலம், கலந்துகொள்ளாதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. விதிவிலக்காக நின்றது ஒன்றுதான்: தொண்டூழியம். பிறருக்காகக் கைகொடுக்கும் வாய்ப்புப் பெற்றவர்கள் மட்டும் சற்று மேலாக உணர்ந்தார்கள். ஒரே காலகட்டத்தின் ஒப்பீடு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் வேலையின் அளவையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கும் மனத்தை மட்டும் பயிற்றுவிப்பது அரைகுறைத் தீர்வு என்பதை அது உணர்த்துகிறது.

அந்த வகையில் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சரியான திசையில் ஓர் அடி. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு வேண்டும் என்று ஊழியர் எழுத்தில் கேட்டால், முதலாளி அதை முறையாகப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த காரணம் இருக்க வேண்டும். இது அலுவலகக்காரர்களுக்கு மட்டும்தான் உதவும், சிராங்கூன் சாலையில் மளிகைக்கடையோ உணவகமோ நகைக்கடையோ நடத்துபவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். தோசைக்கல்லை வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை பார்க்க முடியாதுதான். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்வது மட்டுமே கட்டுப்பாடு அல்ல. அடுத்த வார வேலை அட்டவணையை முன்கூட்டியே சொல்வது, ஓய்வு நாளைக் கடைசி நேரத்தில் மாற்றாமல் இருப்பது, சாப்பாட்டு வேளையில் தொந்தரவு செய்யாமல் விடுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருவர் தங்களுக்குள் வேலைநேரத்தை மாற்றிக்கொள்ள இடம் தருவது ஆகியவற்றுக்கு முதலாளிக்குப் பெரிய செலவில்லை. ஊழியருக்கோ, தன் நாள் தன் கையில் இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கிறது.

குடும்பத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. குடும்பம்தான் நமக்குத் துணை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதில் உண்மை உண்டு: சுகாதார அமைச்சின் அதே 2022 ஆய்வில், மனச்சிரமம் வந்தால் உறவினர், நண்பர் போன்றோரிடம் உதவி கேட்போம் என்றவர்கள் 79.7 விழுக்காடு; மனநல நிபுணரை நாடுவோம் என்றவர்கள் 56.6 விழுக்காடு. வீடுதான் இன்னமும் முதல் வாசல். ஆனால் அந்த வாசலில் நிற்பவரின் முதுகில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2024இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97. 2030வாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். முன்பு ஐந்தாறு உடன்பிறப்புகள் பகிர்ந்துகொண்ட பெற்றோர் பராமரிப்பு இன்று ஒருவர் இருவரிடம் வந்து நிற்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் அந்த ஒருவர் பெண்தான். அலுவலகம் முடிந்து வீடு வந்து, மாமனாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பவளிடம், உனக்கு என்ன கவலை, வீட்டில் எல்லோரும் இருக்கிறோமே என்று சொல்வது துணை ஆகாது. எல்லோரும் இருப்பது வேறு, எல்லோரும் பங்கெடுப்பது வேறு. அவளுக்கும் வாரத்தில் சில மணி நேரம் முழுக்கத் தனக்கென்று வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலையில் வைக்காமல், கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அது.

வசதியுள்ள வீடுகள் இதற்குப் பணிப்பெண்ணை நியமித்துத் தீர்வு கண்டுவிட்டதாக நினைப்பதுண்டு. அங்கே அழுத்தம் தீரவில்லை, கை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மியன்மார், இந்தோனீசியா, பிலிப்பீன்சிலிருந்தோ வந்த பெண், தன் பிள்ளையை விட்டுவிட்டு நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். 2013இல் வாராந்தர ஓய்வு நாள் சட்டமானது. ஆனாலும் அந்த நாளுக்குப் பதிலாகக் காசு கொடுத்து வேலை வாங்க வழி இருந்தது. 2023 முதல் மாதத்துக்கு ஒரு நாளையாவது அப்படி விலைபேச முடியாது. ஒரு மனிதருக்குத் தன் விருப்பப்படி கழிக்க ஒரு நாள் வேண்டும் என்பதை ஒரு நாடு சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருந்தது என்றால், அதன் அவசியம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். நம் முன்னோர் ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் இதைவிடப் பெரிய துன்பங்களைப் பட்டார்கள். கோயில், பிரார்த்தனை, பொறுமை ஆகியவற்றால் கடந்துவந்தார்கள். நமக்கும் அவை போதாதா? ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூல் இதற்கு விடை தேட உதவுகிறது. சமாளிக்கும் வழிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையையே மாற்ற முயல்வது, பிரச்சினை ஏற்படுத்தும் உணர்வை ஆற்றிக்கொள்வது. மாற்றவே முடியாதவற்றுக்கு இரண்டாவது வழிதான் மருந்து. அன்புக்குரியவரின் மரணத்துக்கும், தீராத நோய்க்கும், எழுதி முடித்துவிட்ட தேர்வின் முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் வழிபாடும் தியானமும் தரும் ஆறுதல் உண்மையானது. மாற்றக்கூடியவற்றை அப்படியே விட்டுவிட்டு ஆறுதல் மட்டும் தேடும்போதுதான் தீங்கு வருகிறது. முன்னோர் வெறும் பொறுமையால் மட்டும் கடக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் அவர்கள். தலைச்சுமையோடு தனியாக வருபவர், தூக்கிவிட ஆள் இல்லாமலே இறக்கிவைத்து இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளும்படி நெஞ்சுயரத்தில் அமைத்த கல் அது. நடப்பவரின் கழுத்து வலுவாக இருக்கட்டும் என்று அவர்கள் வாழ்த்திவிட்டுப் போகவில்லை. பாதையில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். கோயிலும் சங்கமும் சீட்டும் உறவும் அந்த மாதிரி ஏற்பாடுகளாகவே இருந்தன.

அந்த ஏற்பாடுகள் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில், விடுதிகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் நடமாட்டம் முடக்கப்பட்டது. தொற்றைத் தடுக்க அது தேவைப்பட்டது என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், அவர்கள் இழந்தது தெருவை மட்டும் அல்ல. வாரத்தில் ஒரு நாள் தாமே முடிவெடுக்கும் உரிமையும் முகம் பார்த்துப் பேசும் துணையும் ஒரே நேரத்தில் போயின. ஊரில் முகவருக்குக் கட்டக் கடன் வாங்கிய பணம் மட்டும் வட்டியோடு நின்றது. மனிதவள அமைச்சு 2020 நவம்பரில், இவர்களின் மனநலத்துக்கென்றே புராஜெக்ட் டோன் என்ற செயற்குழுவை அமைத்தது. வெளியே போக முதன்முதலில் சோதனை முறையில் அனுமதி தந்தபோது, 2021 செப்டம்பரில் அவர்கள் சென்ற இடம் லிட்டில் இந்தியா. அதே வட்டாரத்தில் 2008 முதல், காயமுற்றும் சம்பள வழக்குகளாலும் வேலையின்றி நிற்கும் ஊழியர்களுக்கு டிடபிள்யூசி 2 என்ற தொண்டமைப்பு இலவச உணவு வழங்கிவருகிறது. கஃப் ரோடு திட்டம் என்று அதற்குப் பெயர். சாப்பிட வருபவர் வழக்கைப் பற்றியும் பேசலாம். பசியும் நிச்சயமின்மையும் சேர்ந்து அழுத்தும்போது, மனநல அறிவுரைக்கு முன்னால் ஒரு வேளைச் சோறும் தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும்தான் ஒருவரை நிமிர்த்துகின்றன.

இதையெல்லாம் செய்தும் சிலருக்குத் தொழில்முறை உதவி தேவைப்படும். தூக்கம் வாரக்கணக்கில் கெடுவது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாதது, உயிர் வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஆகியவை குடும்பம் மட்டும் சேர்ந்து தீர்க்கக்கூடியவை அல்ல. 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் எந்த நிபுணரிடமும் போகவில்லை என்று கண்டது. ஊர் என்ன சொல்லும், வேலை போய்விடுமா என்ற பயம் இதற்குப் பெரிய காரணம். அந்தப் பயத்தின் அடித்தளத்தைச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிவருகிறது. தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதையும் தடுக்க வகைசெய்கிறது. 2025 ஜூனில் தொடங்கிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், 1969இல் உருவான சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணும் நாள் முழுவதும் இயங்குகின்றன. அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் வீடுகளில் இந்த எண்களைச் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்வதுபோல் இயல்பாகச் சொல்லும் பழக்கம் வர வேண்டும்.

ஆக, யாராவது ஒருவர் முடியவில்லை என்று சொல்லும்போது, தைரியமாக இரு என்பதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதில் எதை நீயே மாற்றலாம்? யாரிடம் இதுவரை சொன்னாய்? இதில் என் பங்கு என்ன? கடினமானது மூன்றாவது கேள்வி. ஏனென்றால் பிள்ளையின் அழுத்தத்தில் பெற்றோரின் ஒப்பீடும், ஊழியரின் அழுத்தத்தில் மேலாளரின் அவசரமும், மனைவியின் அழுத்தத்தில் கணவரின் கவனமின்மையும் கலந்திருக்கின்றன. பொறுமை நம் மரபில் உயர்ந்த குணம். அதைச் சுமப்பவரிடம் மட்டுமே எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுமை ஏற்றும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும், வீட்டில் அப்பா, வகுப்பில் ஆசிரியர், கடையில் முதலாளி என்று யாராக இருந்தாலும், அந்த அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் சிங்கப்பூரின் மனநலப் புள்ளிவிவரங்கள் மாறும். மருத்துவரோ அரசோ வந்து செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது.